ஹெல்லன்லோவைச் சுற்றிப் போகும் பாதை

ஹில்கே பிராமரை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் எங்களில் ஒருவரையும் பிடிக்காது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ரொட்டிக் கடை வரிசையில் அவள் வந்து நின்றால் பேச்சு அறுந்துபோகும்; அவள் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அவளும் அதை எதிர்பார்த்தே வருகிறவளைப் போல, கதவைத் திறக்கும்போதே முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு வருவாள்.

வேலைக் காலம் முழுவதும் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கதவை மூட வேண்டிய நேரத்தில் மூடுவாள். ஓடிவருகிற பிள்ளையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மூடுவாள். ஒரு பனிக்காலத்தில் என் மகளை அப்படி நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போனாள். பிள்ளை மூக்கு சிவக்க அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்தது. மறுநாள் நான் போய்க் கேட்டேன்.

"உன் பொண்ணுக்குக் கால் இருக்கு, உன் வீட்டுல கடிகாரம் இருக்கு. ரெண்டுல எது ஓடலன்னு நீயே பாத்துக்க" என்றாள்.

அன்றோடு நானும் அவளும் அவ்வளவுதான். ஆகவே நான் சொல்வதைக் கேட்கிறவர்கள், நான் அவளுக்கு வேண்டியவள் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டே கேட்கலாம்.

நானும் என் கணவர் ஹைனோவும் ஹெல்லன்லோவில் விடுதி நடத்திவந்தோம். கீழே பீர்க்கூடம், பின்னால் கல்யாணமும் சாவுச் சாப்பாடும் நடக்கும் பெரிய கூடம், மாடியில் படுக்கை அறைகள். அறைகளில் தூசி தட்டுவது மட்டும்தான் என் வேலையாக இருந்தது. தங்க ஆள் வருவதில்லை. வாரக் கடைசியில் பீர்க்கூடம் நிரம்பும், இலையுதிர்காலத்தில் வேட்டைக்காரர்களின் விருந்து நடக்கும். அதில்தான் வண்டி ஓடியது.

அந்த விருந்து எகெர்ட் வோலர்ஸின் தயவு. எகெர்ட் ஊரிலேயே பெரிய பண்ணைக்காரன். உருளைக்கிழங்கு வயல்கள், பைன் காடு, அதற்கும் அப்பால் எங்கள் விடுதியின் பின்வேலி வரை விரிந்து கிடக்கும் ஹெதர் புதர்வெளி, எல்லாம் அவனுடையது. ஹாம்பர்க்கிலிருந்து பணக்காரர்களை வரவழைத்து வேட்டைக்குக் கூட்டிப்போவான். ஹில்கே அவனுடைய உடன்பிறந்த அக்கா.

எங்கள் பக்கத்தில் பண்ணையைப் பங்கு போடுவதில்லை. ஒரு பிள்ளைக்கு முழுசாகப் போகும். டிராக்டர் ஓட்டியது ஹில்கே. ஆடு ஈனும் பருவத்தில் கிடையிலேயே விழுந்து கிடந்தது ஹில்கே. பண்ணை தம்பிக்குப் போனது. அவளுக்கு ஊர்க்கோடியில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. ராணுவப் பட்டறை மெக்கானிக் பிராமரைக் கட்டிக்கொண்டாள். அவன் பிரேமனுக்கு வேலை தேடிப் போனவன், அங்கே வேலையோடு வேறொருத்தியும் கிடைக்கவே, தங்கிவிட்டான். தகப்பன் செத்தபோது அக்காவும் தம்பியும் குழியின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதை யாரும் பார்த்ததில்லை.

ஹில்கே ஓய்வு பெற்ற வருடம் மாவட்ட நடையாளர் சங்கம் ஒரு நெடும்பாதை போடப்போவதாக அறிவித்தது. ஹாம்பர்க்குக்குத் தெற்கே தொடங்கி, புதர்வெளியும் பைன் காடுமாகக் கீழே இறங்கி, செல்லே நகரத்தில் முடியும் பாதை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு வருகிறவன் நாளுக்கு ஓர் ஊராக நடந்துபோகலாம். ஒவ்வொரு துண்டையும் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் திட்டமிட்டு, குறி போட்டு, பிறகும் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் கிடையாது. எங்கள் துண்டுக்கு யாரும் முன்வரவில்லை. ஹில்கே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

பீர்க்கூடத்தில் அன்று முழுக்க அதுதான் பேச்சு. மூக்கை நேராக வைத்துக்கொண்டு நடந்தால் செல்லே வந்துவிடும், இதற்கு ஒரு திட்டமா என்று சிரித்தார்கள். அவளுக்குப் 'பாதை ராணி' என்று பெயர் வைத்தார்கள். தரை தட்டையாக இருந்தால் பாதை போடுவது சுலபம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அவள் அந்த வருடம் முழுவதும் நடந்தாள். மழை பெய்த பிறகு எந்தப் பள்ளத்தில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, கோடையில் எங்கே மணல் கணுக்கால்வரை இழுக்கிறது, மரம் ஏற்றும் லாரிகள் எந்தக் காட்டு ரோட்டைச் சேறாக்குகின்றன, டாங்கிப் பயிற்சி நாட்களில் ராணுவம் எங்கே தடுப்பை இறக்குகிறது, தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக வசந்தத்தில் எந்தப் பகுதியை மூடுகிறார்கள், ஊர்ப் பேருந்து எங்கே நிற்கிறது, பெண்கள் அவசரத்துக்கு ஒதுங்க எங்கே மறைவு என்று எல்லாவற்றையும் பார்த்தாள். மலைப் பாதையில் உச்சி என்று ஒன்று உண்டு, நடக்கிறவனை அதுவே இழுத்துக்கொள்ளும். எங்கள் பைன் காட்டு ரோடுகள் அளவுகோல் வைத்துக் கிழித்தவை. ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி இடைவெளி. வெகுநேரம் நடந்தவனுக்கும் புறப்பட்ட இடத்திலேயே நிற்பது போலிருக்கும். கால் ஓய்வதற்கு முன்னால் மனசு ஓய்ந்துவிடும். அதனால் அவள் திருப்பங்களைத் தேடினாள். தனியாக நிற்கும் ஒரு ஜூனிபர் மரம், தேனீப் பெட்டிகள் வைக்கும் கொட்டகை, பழைய பனியாறு உருட்டிப்போட்ட பாறை. ஒன்று முதுகுக்குப் பின்னால் மறைவதற்குள் இன்னொன்று முன்னால் தெரிய வேண்டும் என்பாள்.

அப்படித் தேடியவளுக்குக் கடைசியில் கிடைத்தது சின்ன வயதில் அவளே நடந்த ஆட்டுத் தடம். ஒரு காலத்தில் வோலர்ஸ் பண்ணை மந்தை புதர்வெளிக்குப் போய்வந்த வழி. ஆடு நேராக நடக்காது அல்லவா, அதனால் அந்தத் தடமும் மேட்டைத் தொட்டு, பள்ளத்தை ஒதுக்கி, வளைந்து வளைந்து வந்து எங்கள் விடுதியின் பின்வாசலில் முடியும். அதைவிட நல்ல வழி அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. அது எகெர்ட்டின் நிலத்தில் இருந்தது.

புதர்வெளித் தடத்தில் நடப்பவரை நிலத்துக்காரர் தடுக்க முடியாது. ஆனால் குறி போட அவர் சம்மதம் வேண்டும். ஹில்கே கேட்கவில்லை. கேட்டிருந்தால் எகெர்ட் கொடுத்திருக்க மாட்டான் என்பது வேறு. அவள் வாளியும் தூரிகையுமாகப் போய், பைன் மரங்களில் வெள்ளைக் குறி தீட்டிவிட்டு வந்தாள்.

எகெர்ட் அதைக் கத்தியால் மரப்பட்டையோடு சேர்த்துச் சீவி எறிந்தான். அவள் கற்களில் தீட்டினாள். அவன் ஒரு பைன் மரத்தை வெட்டித் தடத்தின் குறுக்கே சாய்த்தான். அவள் சாய்ந்த மரத்தின் மேலேயே ஒரு குறி தீட்டிவிட்டுத் தாண்டிப் போனாள். பிறகு வெயில் ஏறிய ஒரு வாரத்தில், சுட்ட காட்டுப்பன்றிகளின் குடலெல்லாம் தடத்தில் வந்து விழுந்தது. நாற்றம் எங்கள் சமையலறை ஜன்னல்வரை வந்தது. அதை எகெர்ட்தான் செய்தான் என்று எனக்குத் தெரியும். யாரோ ஒரு செத்த காக்கையைக் கொண்டுபோய் அவள் வீட்டு வாசல் கேட்டில் கட்டினார்கள். அது யார் என்று எனக்குத் தெரியாது. ஹில்கே அதை அவிழ்க்கவில்லை. காய்ந்து, இறகு உதிர்ந்து, எலும்பும் கயிறுமாகத் தொங்கும்வரை விட்டு வைத்தாள். தபால்காரரும் பாதிரியாரும் அதைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டியிருந்தது.

விஷயம் முற்றியதும் சங்கத்திலிருந்து டேவஸ் என்பவர் வந்தார். சண்டை என்றாலே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் சாதுவான மனிதர். எங்கள் பெரிய கூடத்தில் ஊர்க் கூட்டம் போட்டு, சுவரில் வரைபடத்தை ஒட்டினார். ஹில்கே எழுந்து பேசினாள். அவளுக்குத் தேனாகப் பேச வராது. நடக்க வருகிறவர்கள் மானை விழுங்கிவிட மாட்டார்கள், அவர்கள் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், காலையில் போய்விடுவார்கள், இந்த ஊரில் தூங்குவதைத் தவிர வேறெதுவும் நடப்பதில்லை என்பதால் அவர்களுக்கும் பொருத்தமாக இருக்கும் என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

எகெர்ட் உட்கார்ந்தபடியே பேசினான்.

"திருமதி பிராமர், நீங்க எங்க நிலத்துல ஆடு மேச்சது போதும். இனிமே ஆளுங்கள மேய்க்க வராதீங்க."

கூடம் குலுங்கச் சிரித்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனை யாரும் 'நீங்க' என்பதில்லை. கடன்காரனைக்கூட 'நீ' என்போம். கூடப் பிறந்தவளை அவள் புருஷன் வீட்டுப் பெயரால் கூப்பிட்டு 'நீங்க' என்றால், முகத்தில் கதவை அறைந்தது போல. ஹில்கே சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தாள்.

"மேச்சதுக்குக் கூலியா எனக்கு என்ன கெடச்சுதுன்னு நீங்களே எந்திரிச்சு எல்லாருக்கும் சொல்லிடுங்களேன், திரு. வோலர்ஸ்."

அவன் எழவில்லை. டேவஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊருக்குள் பாதை வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். என் கணவர் ஹைனோவுக்குப் பாதை வேண்டும். மாடி அறைகளைப் பற்றி அவர் படுக்கையில் புலம்பாத நாள் கிடையாது. கையைத் தூக்கவும் ஆரம்பித்தார். நடுவில் எகெர்ட் இருந்த மேசையைப் பார்த்தார். தூக்கிய கை மீசையைத் தடவிவிட்டுக் கீழே இறங்கியது. வேறு ஒரு கையும் எழவில்லை. நான் இரண்டு கையிலும் பீர்க் கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தேன். கை காலியாக இருந்திருந்தாலும் தூக்கியிருக்க மாட்டேன்.

ஹில்கே சுவரிலிருந்து வரைபடத்தை உரித்துச் சுருட்டினாள். "சரி. ஹெல்லன்லோவுக்கு வழி வேண்டாம்னா ஹெல்லன்லோவுக்கு வழி இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று பீர் நன்றாக விற்றது.

பிறகு அவள் புது வழி தேடத் தொடங்கினாள். ஊருக்குக் கிழக்கே அரசாங்கத்தின் பைன் காடு இருக்கிறது. அதன் ஓரத்தில் ராணுவத் திடல், அதைத் தாண்டினால் ஒரு சதுப்பு, அப்புறம் ஓல்போஸ்டல் என்ற குக்கிராமம். அந்தக் காட்டில் ஒன்றுமே இல்லை என்றுதான் நாங்கள் சொல்வோம். அவளும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊர் எல்லையை மிதிக்காமல் வடக்கையும் தெற்கையும் இணைக்க வேறு வழியில்லை. மழையிலும் பனியிலும் அந்தக் காட்டுக்குள்ளேயே கிடந்தாள்.

அந்த நவம்பரில் எகெர்ட் அரசாங்கக் காட்டையும் சேர்த்துப் பெரிய வளைப்பு வேட்டை வைத்தான். ஒரு பக்கம் நாய்களும் விரட்டுகிற ஆட்களும், மறுபக்கம் பரண்களில் துப்பாக்கிக்காரர்கள். மதியம் எல்லோரும் காட்டு நடுவே ஒரு திட்டில் கூடுவார்கள். நான் வேனில் பட்டாணி சூப் அண்டாவோடு போய்க் காத்திருப்பேன். முதல் வளைப்பு முடிந்து, சுட்ட பன்றிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, ஆளாளுக்குக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மரங்களுக்கு நடுவிலிருந்து ஹில்கே வெளியே வந்தாள். மஞ்சள் மேல்சட்டை, கையில் ஊன்றுகோல், தோளில் பை.

எகெர்ட் அவளை நோக்கிப் போனான். ரோட்டில் வேட்டை எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தது கண்ணில் படவில்லையா என்று கேட்டான்.

"பலகை ரோட்டுல இருந்துச்சு. நான் ரோட்டுல வரல."

"உங்கள வெளிய அனுப்ப எனக்கு உரிமை இருக்கு, திருமதி பிராமர்."

"இது அரசாங்கக் காடு. உங்க அப்பன் வீட்டுக் காடு இல்ல. அந்த அப்பன எனக்கும் தெரியும்."

எகெர்ட்டின் கழுத்து சிவந்தது. கோபத்தில் அவனுக்கு மரியாதை கைநழுவிப் போனது. "சுடுற எடத்துல மஞ்சச் சட்டை போட்டுட்டு வந்தா குண்டு ஒதுங்கிப் போயிடும்னு நெனப்பா உனக்கு?" என்றான்.

"நீ என்னப் பாத்துக் குறி வெச்சா பயமில்ல, எகெர்ட். வேற எதையாவது பாத்துக் குறி வெச்சாத்தான் பயம்."

ஹாம்பர்க்காரர்களில் ஒருவர் சூப் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்துவிட்டார். அன்று காலை எகெர்ட் ஒரு பன்றியைக்கூட வீழ்த்தவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஹில்கே என் அண்டாவுக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு கிண்ணம் கேட்டாள். இது வேட்டைக்கு வந்தவர்களுக்கு மட்டும் என்றேன். "நானும் வேட்டைக்குத்தான் வந்திருக்கேன், தெரியலையா?" என்றாள். நான் கரண்டியைத் தூக்கவில்லை. அவள் திட்டின் நடுவிலிருந்த வெட்டுமரத்தில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து ரொட்டியையும் சாசேஜையும் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அவ்வளவு மெதுவாக ஒரு மனுஷி மெல்லுவதை நான் கண்டதில்லை. எகெர்ட்டின் நாய் போய் அவள் முன்னால் உட்கார்ந்தது. அவன் விசிலடித்தான். நாய் காதை மட்டும் திருப்பியது. அவள் காட்டுக்குள் இருக்கும்வரை இரண்டாவது வளைப்பைத் தொடங்க முடியாது. அவளைத் தூக்கிக்கொண்டு போகவும் யாருக்கும் துணிவில்லை. நவம்பரில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். அவள் கத்தியைத் துடைத்து மடக்கி எழுந்தபோது மரங்களுக்கு அடியில் இருட்டத் தொடங்கிவிட்டது. அன்று இரண்டாவது வளைப்பு நடக்கவில்லை.

அடுத்த ஆகஸ்டில், ஹெதர் ஊதாவாகப் பூத்திருந்த வாரத்தில், பாதையைத் திறந்தார்கள். வரைபடத்தில் பார்த்தால் வடக்கிலிருந்து ஒழுங்காக வந்த கோடு, எங்கள் ஊரை நெருங்கியதும் சாணியைக் கண்டவன் போலக் கிழக்கே ஒதுங்கி, ஒரு பெரிய வளையம் போட்டு, தெற்கே போய் மறுபடி நேராகும். பயணப் புத்தகம் எழுதுகிறவர்கள் அதைப் பார்த்துக் காரணம் கேட்டார்களாம். தரை சரியில்லை என்று ஹில்கே சொன்னாளாம்.

அந்த வளையத்துக்குள் அவள் என்னவெல்லாம் கண்டுபிடித்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காற்றில் சாய்ந்து வளர்ந்த பழைய பைன்கள், காட்டுக்குள் ஒளிந்திருந்த ஒரு மணல்மேடு, சதுப்பின்மேல் ராணுவம் போட்டுவிட்டு மறந்துபோன பலகைப் பாலம். ஆட்டுத் தடத்தைவிடச் சுற்றுதான். ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். ஓல்போஸ்டலில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த டோர்டே முதலில் வாசலில் ஒரு மேசை போட்டாள். பிறகு நாலைந்து மேசை. பிறகு வைக்கோல் கொட்டகையில் கட்டில்கள்.

எங்கள் விடுதிக்கு ஒருவரும் வரவில்லை. அதோடு நில்லாமல் ஓநாய்கள் வந்தன. மான் குறைந்தது, ஹாம்பர்க்காரர்கள் வேறு பக்கம் போனார்கள், எகெர்ட்டின் விருந்து ஒரு வருடம் சிறுத்து அடுத்த வருடம் நின்றேபோனது. எங்களுக்காகத் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று எகெர்ட் கையை விரித்தான். அவனுக்காகத்தான் ஹைனோ மீசையைத் தடவினார் என்பது அவனுக்கு ஞாபகமில்லை. ஹைனோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஹில்கே வீட்டுக்குப் போனார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள். பிறகு நான் போனேன்.

முற்றத்தில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. பாதையை ஊர்ப்பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும், கிளைப் பாதையாக இருந்தாலும் போதும், விடுதிக்குக் கைகாட்டி ஒரே ஒரு பலகை இருந்தால்கூட நாங்கள் பிழைத்துக்கொள்வோம் என்றேன்.

"ஆன்ட்யே, அன்னிக்குக் கூடத்துல எல்லார் கையையும் பாத்தேன். உன் புருஷன் கைய பாதி தூக்கிட்டு மீசையத் தடவுனான். மீசைக்கெல்லாம் நான் பலகை வெக்க முடியாது."

"நான் கெஞ்ச வரல. தொழில் பேச வந்தேன்."

"தொழில் ஓல்போஸ்டல்ல இருக்கு. டோர்டே ஆள் தேடுறா. உனக்குப் பேச்சு வராட்டியும் கேக் நல்லா வரும்."

என்னை மட்டம் தட்டத்தான் சொன்னாள். டோர்டே ஆள் தேடியதும் நிஜம். அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் விடுதியை மூடினோம். ஹைனோ உருளைக்கிழங்கு லாரி ஓட்டப் போனார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓல்போஸ்டலுக்குப் போய், ஹில்கேயின் பாதையில் வருகிறவர்களுக்குக் கோதுமை சேர்க்காமல் பக்வீட் என்ற தானிய மாவில் கேக் சுட்டுப் பரிமாற ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒருநாள் அவளும் வருவாள். மூலை மேசை, காபி, ஒரு துண்டு கேக். நான் கொண்டுபோய் வைப்பேன். கிரீம் புளித்துவிட்டது என்பாள். புளித்திருக்காது.

பாதை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பிப்ரவரிப் புயல் வரும்வரை. ஒரே ராத்திரியில் அரசாங்கக் காட்டின் பாதி தரையில் கிடந்தது. சாய்ந்த பைன்கள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து, வேர்கள் வானத்தைப் பார்த்தபடி இருந்தன; பாதை எங்கே இருந்தது என்றே சொல்ல முடியவில்லை. வனத்துறை அந்தப் பகுதியைக் காலவரம்பில்லாமல் மூடியது. கோடைக்குள் சங்கத்துக்கு மாற்று வழி வேண்டும். இருந்தது ஒன்றே ஒன்று, ஆட்டுத் தடம்.

டேவஸ் நேராக எகெர்ட்டிடம் போனார். எகெர்ட் அதற்குள் மாறியிருந்தான் என்று சொல்ல மாட்டேன்; அவன் மருமகள் மாறியிருந்தாள். பண்ணைக் கொட்டகையைத் தங்கும் அறைகளாக்கி, ஆள் வராமல் உட்கார்ந்திருந்தாள். எகெர்ட் ஒத்துக்கொண்டான். ஒரே நிபந்தனை: அவன் அக்காவின் கை அதில் படக்கூடாது. வேறு யாராவது வந்து குறி போடட்டும்.

டேவஸ் இதைச் சொல்ல ஓல்போஸ்டலுக்கு வந்தார். ஹில்கே மூலை மேசையில் இருந்தாள். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் கேட்டேன். அவர் நல்ல செய்தி கொண்டுவந்த முகத்தோடு உட்கார்ந்தார்.

"நீங்க மொதல்ல கேட்ட வழியே கெடச்சிருச்சு" என்றார்.

"நான் கேக்கவே இல்லையே" என்றாள் ஹில்கே. "எடுத்துக்கிட்டேன்."

அவர் மெல்ல நிபந்தனையைச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றினார். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து நான் கையிலிருந்த காபிக் கூஜாவை மேசையிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன்; அவள் கோபப்படவில்லை. கேக்கில் பாதியை முள்கரண்டியால் உதிர்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், இந்தத் துண்டுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு எழுந்தாள். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று ஊரில் என்னைக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு வேண்டியது அவள் அழுதாளா என்பது. அழவில்லை. கிழவியாகத் தெரிந்தாள். அதுவரை அப்படித் தெரிந்ததில்லை.

இப்போது நடையாளர்கள் ஆட்டுத் தடம் வழியாக எங்கள் ஊருக்குள் வருகிறார்கள். மூடிக்கிடக்கும் எங்கள் விடுதியின் ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்துவிட்டு, எகெர்ட் மருமகளின் அறைகளுக்குப் போகிறார்கள். பிறகு ஊரைத் தாண்டி, மறுபடி பழைய கோட்டில் சேர்ந்து, ஓல்போஸ்டலுக்கு வந்து என் கேக்கைச் சாப்பிடுகிறார்கள். எகெர்ட் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தங்கள் நாயைக் கயிறில்லாமல் விட்டு நடப்பவர்களைத் திட்டுகிறான்.

ஹில்கே அந்தத் துண்டில் கால் வைத்ததில்லை. ஒருமுறை, அவள் யார் என்று தெரியாமல் ஒரு தம்பதி அவளிடமே ஆட்டுத் தடத்தைப் புகழ்ந்தார்கள். இவ்வளவு நாள் நடந்ததில் அதுதான் அழகு என்றார்கள். மணல் எப்படி இருந்தது என்று கேட்டாள். கொஞ்சம் காலை இழுத்தது என்றார்கள். "பனி காயறதுக்கு முன்னாடி போயிருக்கணும். காலையில மணல் கெட்டியா இருக்கும்" என்றாள். அதை யாரும் தங்களுக்குச் சொல்லவில்லையே என்றார்கள். "சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, காபிக்குக் காசை வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் அவள் இரண்டு பக்கமும் பிடி வைத்த நீள ரம்பத்தோடு புயலில் சாய்ந்த காட்டுக்குள் இறங்கியது தெரியவந்தது. சங்கத்தில் அவளுக்கு இப்போது எந்தப் பொறுப்பும் இல்லை. யாரும் கேட்கவுமில்லை. தம்பியின் நிலத்திலிருந்து அந்தப் பாதையை மறுபடி பிடுங்கி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சின்னக் கிளைகளை வெட்டி ஒதுக்குவாள், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு தண்டை அறுப்பாள், உட்காருவாள், மறுபடி அறுப்பாள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ரம்பச் சத்தம் எகெர்ட்டின் பெஞ்சுவரை கேட்கும். அவன் அப்போது எழுந்து உள்ளே போய்விடுவதாக மருமகள் சொல்கிறாள்.

வனத்துறையிலிருந்து ஒரு அதிகாரி அவளை வெளியேற்றப் போனார். முறுக்கேறிக் கிடக்கும் மரத்தை அறுத்தால் அது துள்ளி ஆளைக் கொன்றுவிடும், மூடிய பகுதிக்குள் வந்ததற்கு அபராதம் வேறு என்று நெடுநேரம் எடுத்துச் சொன்னாராம். அவள் ரம்பத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சும்மா நின்னு பேசறதுக்குப் பதிலா ரம்பத்தோட அந்தப் பக்கத்துப் பிடியப் பிடிங்க" என்றாளாம். அவரே கடைக்கு வந்து என்னிடம் சொன்னார். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். காபிக் கோப்பையை விரல்நுனியால் பிடித்துக்கொண்டிருந்தார்.